கண்ணாடிக்கு நான் பொறுப்பு

கல்மண்டபத்தில் எங்கள் பேக்கரிக்கு
விறகு அடுப்பு வந்து பதினோரு மாதம்.
நெருப்பு தெரிந்தால் ஆள் நிற்பான் என்று
முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தார் இக்னேஷியஸ் சார்.
ஆள் நிற்கத்தான் செய்கிறான்.
ஆனால் மூன்றாவது ட்ரே பன் ஏறும்போதே
கண்ணாடி கறுக்கத் தொடங்கிவிடும்.

மாவு, மொய்தீன்.
கணக்கு, சார்.
கண்ணாடி, நான்.

முதல் வாரம் கம்பி நாரால் தேய்த்தேன்.
இடது மூலையில் பூனை பிறாண்டியதுபோல்
அந்தக் கீறல்.
இரண்டாவது மாதம் சூட்டோடு ஈரத்துணி வைத்தேன்.
டப்பென்று ஒரு சத்தம்.
புதுக் கண்ணாடி மூவாயிரத்து இருநூறு,
சம்பளத்தில் நான்கு தவணை.
பிறகு சார் ஒரு நீல மருந்து வாங்கிவந்தார்.
அன்றைய பன் முழுக்க ஆஸ்பத்திரி வாசனை.

கடைசியில் கைகொடுத்தது
அடுப்புக்குள்ளேயே கிடந்த சாம்பல்.
நாலு மணிக்கு அடுப்பு ஆறும் இடைவேளையில்
காகிதத்தை நனைத்துப் பிழிந்து
வெள்ளைச் சாம்பலில் மட்டும் தொட்டு
வட்டமாகத் தேய்க்க வேண்டும்.
சினிமாப் பக்கம் வழுக்கும்.
ராசிபலன் பக்கம்தான் சரி.
மேஷம் முதல் கடகம் வரை மேல்பாதிக்கு,
மிச்சம் கீழே.
என் விருச்சிகம் என்றைக்கும்
கறுப்பாகத்தான் குப்பைக்குப் போகிறது.

விறகு, காசிமேட்டில் உடைத்த படகுகள்.
கிலோ ஏழு ரூபாய்.
பெயிண்டைச் சீவினாலும்
உப்பு ஊறிய மரம், பிசின் மாதிரி
கண்ணாடியில் அப்பிக்கொள்ளும்.

தேசப்பன் அண்ணன் ஆறரைக்கு வருவார்.
ஒரு பன். டீ வேண்டாம்.
கண்ணாடிக்கு நேராக நின்று தின்பார்.
மகள் பேர் வைத்த படகு என்று
ஒருமுறை சொன்னார்.
கரையில் ஏத்திட்டேன் என்று
இன்னொரு முறை.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கட்டையில்
நீலத்தின்மேல் மஞ்சளாய் "யுவரா" என்றிருந்தது.
"ணி"யை வாள் எங்கேயோ கொண்டுபோய்விட்டது.
அந்தப் பலகையை மட்டும்
மைதா மூட்டைக்குப் பின்னால் சாய்த்தேன்.
மற்றதை மொய்தீன் அதற்குள் அடுக்கிவிட்டான்.

நாலு மணிக்கு நான் காகிதத்தைத் தொடவில்லை.

ஆறரைக்குக் கண்ணாடி தார் ரோடு மாதிரி இருந்தது.
"இன்னாமா, தொடைக்கல?"
"ஈர வெறகுண்ணா."
"ஈரமா?
மூணு மாசம் மணல்ல காஞ்சிச்சே."

பன்னைத் தின்று முடித்தார்.
பேப்பர் கேட்டார்.
சூட்டில் தொட்டால் வெடிக்கும் என்றேன்.
சரி, இருக்கேன் என்றார்.
வெளியே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன,
ஒவ்வொன்றுக்கும் ஜாடி மூடிகள் அதிர.
ஒன்பது மணி. கடைசி ட்ரே இறங்கியது.
சார் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு
கணக்கு நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவைத் திறந்து வைத்து, கை வைத்துப் பார்த்து,
சாம்பல் தொட்டுத் துடைத்தார் தேசப்பன் அண்ணன்.
நான் துடைப்பதைவிட மெதுவாக.
மூலைகளையும் விடவில்லை.
என் கீறல்மேல் விரல் வைத்து
யாரு இது என்று கேட்டார்.
நான்தான் என்றேன்.

மூடினோம்.
உள்ளே மிச்சமிருந்த ஒரு முனை
திடீரென்று பச்சையாக எரிந்தது.
"செம்பு ஆணி," என்றார்.
"தொண்ணூறு. நானே எண்ணிக் குடுத்தேன்."

பலகையைப் பற்றி அவருக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.
மூட்டை தீரும்போது
அடுத்த மூட்டைக்குப் பின்னால் நகர்த்துகிறேன்.

காலையில் சாம்பல் அள்ளும்போது
பதினேழு ஆணி கிடைத்தது.
மீதி எழுபத்து மூன்றுக்காக
இரண்டு நாள் மாவுச் சல்லடையில்
மொய்தீனுக்குத் தெரியாமல் சலித்தேன்.
இன்னும் நான்குதான் வந்தது.

சலித்த சாம்பல் பவுடர் மாதிரி இருக்கிறது.
கீறுவதே இல்லை.
இப்போதெல்லாம் கண்ணாடி
ஐந்தாவது ட்ரே வரை தாங்குகிறது.